போர் முடிந்தபின் கைதி யாருக்கு உரியவர்?

போரில் பிடிபட்டவரை என்ன செய்வது என்பதை நெடுங்காலம் வென்றவரின் விருப்பமே தீர்மானித்தது. பண்டைய உரோமில் அவர் அடிமையாக விற்கப்பட்டார். இடைக்கால ஐரோப்பாவில் செல்வம் உள்ளவர் மீட்புப் பணம் கொடுத்துத் தப்பினார். சமய நெறிகள் இதற்கு வரம்பு கட்ட முயன்றன. குர்ஆனின் 47ஆம் அத்தியாயம், கைதிகளைக் கருணையால் விடுவிப்பதையும் ஈட்டுத்தொகை பெற்று விடுவிப்பதையும் வழிகளாகக் காட்டுகிறது. ஏழைக்கு உணவளிப்பதைவிடச் சிறைப்பட்டவரை மீட்பதே முந்திய கடமை என்றார் யூத அறிஞர் மைமோனிடிஸ். போர் என்பது அரசுகளுக்கு இடையிலான பகை; ஆயுதத்தைக் கீழே வைத்தவர் பகைவர் அல்லர், வெறும் மனிதர் என்று ரூசோ 1762இல் வாதிட்டார்.

இந்தக் கருத்து சட்டமாக நிலைபெறக் காலம் பிடித்தது. 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, கைதிகள் நாடு திரும்புவதைச் சமாதான உடன்பாட்டோடு பிணைத்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தகைய உடன்பாடு ஜெர்மனியுடன் ஏற்படவில்லை. சோவியத் பிடியில் இருந்த ஜெர்மானியக் கைதிகளில் கடைசிப் பிரிவினர் 1956இல்தான் வீடு சேர்ந்தனர். இந்தக் குறையைக் களைய, சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றி விடுவித்து அனுப்ப வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை 118ஆம் பிரிவில் விதித்தது.

ஒவ்வொரு கைதியும் ஊர் திரும்பவே விரும்புவார் என்ற நம்பிக்கை இவ்விதிக்குள் இருந்தது. கொரியப் போர் அதைச் சோதித்தது. ஐ.நா. படைகளிடம் இருந்த சீன, வட கொரியக் கைதிகளில் பல்லாயிரம் பேர் திரும்ப மறுத்தனர். 1945இல் மேற்கு நாடுகள் கட்டாயப்படுத்தி ஒப்படைத்த சோவியத் குடிமக்களில் பலர் உழைப்பு முகாம்களுக்குப் போன நினைவு அப்போது ஆறியிருக்கவில்லை. விருப்பமில்லாதவரை அனுப்புவதில்லை என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் உறுதியாக நின்றார். அதில் அறமும் இருந்தது, அரசியல் ஆதாயமும் இருந்தது.

சட்டம் தெளிவாக இருக்கிறது, எல்லோரையும் அனுப்புங்கள் என்றன சீனாவும் வட கொரியாவும். முள்வேலிக்குள் இருப்பவரின் சம்மதத்தை எளிதில் நம்ப முடியாது என்பதால், கைதி தன் உரிமைகளைத் தானே துறக்கவும் உடன்படிக்கை இடம் தரவில்லை. இந்த ஐயம் நியாயமானது. ஐ.நா. படைகளின் கோஜே தீவுக் கைதி முகாமில் கம்யூனிஸ்டுக் குழுக்களும் எதிர்ப்புக் குழுக்களும் சக கைதிகளை அடித்துப் பணியவைத்தன. சிலர் உடலில் அரசியல் முழக்கங்கள் பச்சை குத்தப்பட்டன. அங்கே ஒருவர் சொன்ன விருப்பம் அவருடையதா, அவரை மிரட்டியவருடையதா என்று பிரித்தறிவது கடினம். இந்தச் சிக்கல் தீராமல் ஓராண்டுக்கும் மேலாகப் போர் நீடித்தது. சிலருடைய விருப்பத்தைக் காக்க, களத்தில் வேறு பலர் உயிர் கொடுத்தனர்.

இந்தியா முன்வைத்த யோசனையை அடியொற்றி, 1953 ஜூலை 27 போர்நிறுத்தத்தின்போது ஜெனரல் திம்மையா தலைமையில் நடுநிலை ஆணையம் அமைந்தது. திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்டோரையும், மறுதரப்பில் இருந்த 359 பேரையும் இந்தியப் படை காவல் காத்தது. சொந்த அரசின் பிரதிநிதிகள் விளக்கம் சொன்னபின் ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முகாம் தலைவர்களின் பிடி தளராததால் பெரும்பாலோர் அந்த விளக்கம் கேட்க வரவே இல்லை. 14,000க்கும் மேற்பட்ட சீனர்கள் தைவான் சென்றனர். எத்தரப்பையும் ஏற்காத 88 பேர் இந்தியப் படையினருடன் கப்பலில் சென்னை வந்தனர்.

பின்னாளில் நடைமுறை தெளிவடைந்தது. 1991 வளைகுடாப் போர் முடிந்தபோது, பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவினர் ஈராக்கியக் கைதிகளின் விருப்பத்தை நேரில் கேட்டறிந்தனர். மறுத்தவர்கள் கட்டாயமாக அனுப்பப்படவில்லை.

திரும்பும் உரிமை கைதிக்கே உரியது, அவருடைய அரசின் சொத்து அன்று என்பதே இவ்வரலாறு தரும் விடை. ஆகவே அவ்வுரிமையைப் பேரத்துக்காக நிறுத்திவைப்பதும் தவறு. அஞ்சி நிற்பவர்மேல் அதைக் கடமையாகத் திணிப்பதும் தவறு. அவர் விருப்பத்தைக் கேட்பவர், அந்தப் பதிலால் ஆதாயம் அடையாதவராக இருக்க வேண்டும். பதில் சொல்லும் நேரத்தில் கைதியை மிரட்டக்கூடியவர் எவரும் அருகில் இருக்கக் கூடாது.