துருவனின் தனிமை

ஸ்ரீமத் பாகவதம் 4-ஆம் ஸ்கந்தம் துருவ சரித்திரத்தை விரித்துரைக்கிறது. தந்தை உத்தானபாதனின் மடியில் ஏற விழைந்த 5 வயதுப் பாலகனைச் சிற்றன்னை ஸுருசி கடுஞ்சொல்லால் தடுத்தாள். அரசனோ வாய் திறவாதிருந்தான். குழந்தையை வனத்திற்கு ஓட்டியது அச்சொல்லா, அம்மௌனமா? சிற்றன்னையின் சொல் சுட்டது. காக்க வேண்டியவரின் மௌனமே அவனைத் தனியனாக்கிற்று.

தாய் ஸுநீதி அழுதாள். ஆயினும் பிறர்க்குத் தீங்கு நினையாதே என்றுரைத்து எம்பெருமான் திருவடியையே காட்டினாள். பெரியோரின் பகையைப் பிள்ளை நெஞ்சில் விதையாமையே பெற்றோரின் தர்மம்.

துருவனுக்கு வழியில் நாரதர் வாய்த்தார். மதுவனத்தில் பகவானும் ஸேவை ஸாதித்தருளினான். அவன் மீண்டபோது தந்தை எதிர்சென்று தழுவிக் கண்ணீரால் நனைத்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் நாரதர் வாய்ப்பதில்லை. ஆகையால் உத்ஸவம் ஸேவித்து இல்லம் மீளும் அன்பர்கள், பிள்ளை மடி தேடும்போதே மடி தருவார்களாக; அதுவும் பகவத் கைங்கர்யமே.