குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. சலவாத்தும் சலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



இந்த வாரம் நாம் பேசத் தயங்கும் ஒரு செய்தியைப் பேசப்போகிறோம். இனி குணமாகாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட நம் தாயையோ தந்தையையோ யாரிடம் ஒப்படைப்பது? ஒப்படைக்கும் இடம் நல்ல இடமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

மேலே உலர்ந்தது, உள்ளே ஈரம்

நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். பார்வைக்கு நல்ல தானியம். ஆனால் அவர்கள் அந்தக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். (நூல்: முஸ்லிம்)

பூம்பாறைச் சந்தையில் மலைப்பூண்டு வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மூட்டையின் வாயில் இருக்கும் பூண்டைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. கையை உள்ளே விட்டு அடியில் கிடப்பதை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். பூண்டுக்கு இவ்வளவு செய்யும் நாம், பெற்றவர்களை ஒப்படைக்கும் இடத்தில் கட்டடத்தின் தரையைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம்.

வேறு யாரையும் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. நானே செய்த தவறு இது.

என் அத்தாவின் இருபது நாட்கள்

என் அத்தா கீழ்மலையில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது, இனி சிகிச்சையால் பலனில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, மலைக்குக் கீழே ஓர் ஊரில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்தேன். பளிங்குத் தரை. வாசலில் ஒரு ஆயத்து எழுதி மாட்டியிருந்தார்கள். நிர்வாகி இனிமையாகப் பேசினார். நான் கேட்ட ஒரே கேள்வி, மாதம் எவ்வளவு என்பதுதான்.

இரவில் அங்கே செவிலியர் இல்லை என்பது நான்காம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. அத்தா வலியில் முனகினால் காவலுக்கு இருந்தவர் ஒரு காய்ச்சல் மாத்திரையைக் கொடுப்பார். அதற்கு மேல் கேட்டால், "பெரியவரே, சப்ர் செய்யுங்க" என்பார். அத்தா என்னிடம் வீட்டுக்குக் கூட்டிப்போ என்றார். மலைப்பாதையில் அவரால் உட்கார முடியாது என்று நான் சமாதானம் சொன்னேன். பதினோராம் நாள் அவர் முதுகில் இருந்த படுக்கைப் புண்ணை என் கண்ணால் பார்த்தேன். அன்றே கூட்டி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அரசு செவிலியர் ஒருவர் வந்தார். வயதில் சின்னப் பெண். வந்ததும் என்னிடம் பேசவில்லை. அத்தாவின் பக்கத்தில் அமர்ந்து, "ஐயா, எங்கே வலிக்குது? பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். அத்தா ஒன்பது என்றார். மருத்துவர் எழுதித் தந்த வலி மருந்து தொடங்கி இரண்டாம் நாள் அதே கேள்விக்கு மூன்று என்றார். அன்று இரவு தூங்கினார். பல வாரங்களுக்குப் பிறகு ஃபஜ்ரைச் சைகையால் தொழுதார். ஒன்பதாம் நாள், கலிமாவோடு, தன் வீட்டில் மவுத்தானார்.

அந்தப் பதினோரு நாட்களுக்கு நாளை அல்லாஹ் என்னிடம் கணக்குக் கேட்பான் என்ற பயம் எனக்கு இன்றும் இருக்கிறது. உங்களுக்கு அந்த பயம் வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த உரை.

இது கைவிடுவது அல்ல

நோய் ஆதரவு சிகிச்சை என்றதும், "சாகட்டும் என்று விட்டுவிடுவதா?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியை, மூச்சுத்திணறலை, வாந்தியை, பயத்தைக் குறைக்க முடியும். இந்தச் சிகிச்சை மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை, பிடித்து நிறுத்துவதும் இல்லை. கருணைக்கொலை என்ற பெயரில் உயிரை எடுப்பது ஹராம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் இதற்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். இந்தியாவில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேதனா தொடங்கப்பட்டது. 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் சிலர் ஒரு சங்கத்தை ஏற்படுத்தி, வலி நிவாரணத்தை ஏழைகளின் வீட்டுவாசலுக்குக் கொண்டுசென்றார்கள். ஆனாலும் 2015-இல் எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 80 நாடுகளில் இறுதிக்காலப் பராமரிப்பின் தரத்தை ஒப்பிட்டபோது இந்தியா 67-ஆம் இடத்தில் இருந்தது.

சப்ர் என்பது வலியை மறைப்பதும் அல்ல, மருந்தை மறுப்பதும் அல்ல. அய்யூப் (அலை) அவர்கள் பொறுமைக்கு இலக்கணம். அவர்களே தமக்குத் துன்பம் நேர்ந்துவிட்டதாக இறைவனிடம் முறையிட்டார்கள், அவன் அதை நீக்கினான் என்று குர்ஆன் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் தமது கடைசி நோயில் காய்ச்சல் தணிய ஏழு தோல்பை நீரைத் தம்மீது ஊற்றச் சொன்னார்கள். (நூல்: புகாரி) நிவாரணம் தேடுவது சுன்னத். நோயாளியின் மருந்தைத் தராமல் சப்ரைப் போதிப்பது அநியாயம்.

கையை உள்ளே விடும் ஆறு கேள்விகள்

அன்புச் சகோதரர்களே, மிஷன் மருத்துவமனையோ, அறக்கட்டளை இல்லமோ, வீட்டுக்கு வரும் செவிலியர் சேவையோ, எதுவானாலும் சேர்ப்பதற்கு முன் இந்த ஆறையும் கேளுங்கள்.

முதலாவது, வலி. "உங்களிடம் மார்ஃபின் மாத்திரை உண்டா? அதை எழுதப் பயிற்சி பெற்ற மருத்துவர் யார்?" என்று கேளுங்கள். கடும் புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே பரிந்துரைத்த மருந்து அது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் அது கிடைப்பது கடினமாக இருந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்திருக்க வழி எளிதானது. மருத்துவர் கண்காணிப்பில் வலிக்கான அளவில் தரப்படும் இந்த மருந்து, போதைக்காகக் குடிப்பது போன்றதல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்கான மருந்தையும் சேர்த்தே எழுதுகிறவர் தொழில் தெரிந்தவர். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் விளைவுக்குத் தாமே பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். (நூல்: அபூதாவூத்)

இரண்டாவது, இரவு. பகல் பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருக்கிறார்? தொலைபேசியை யார் எடுப்பார்? நம் மலையில் இது இன்னும் பெரிய கேள்வி. கொடைக்கானலில் இருந்து பழனிக்கு 64 கிலோமீட்டர் மலைப்பாதை. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் பாதை அடைபடும். மன்னவனூரிலோ கூக்காலிலோ இருப்பவருக்கு, "உடனே கூட்டி வாருங்கள்" என்பது பதிலாகாது. இரவில் வலி கூடினால், மூச்சு வாங்கினால் வீட்டிலேயே என்ன கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தந்து, மருந்தையும் தந்துவிட்டுப் போகிறவர்களே நம் மலைக்குப் பொருத்தமானவர்கள்.

மூன்றாவது, நோயாளியிடம் கேட்கிறார்களா? நபி (ஸல்) அவர்கள் நோய் கடுமையானபோது, ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்க மற்ற மனைவியரிடம் அனுமதி கேட்டுப் பெற்றார்கள். தாம் எங்கே இருக்க வேண்டும் என்பது நோயாளியின் விருப்பம். அதே நோயில், வேண்டாம் என்று அவர்கள் சைகை செய்தும், நோயாளி மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று எண்ணி வாயில் மருந்தை ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள். (நூல்: புகாரி) உங்கள் அம்மாவிடம் பேசாமல் உங்களிடம் மட்டும் பேசுகிற மருத்துவரைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். என் அத்தா வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நானும்தான் கேட்கவில்லை.

நான்காவது, உடம்பு. படுக்கையில் இருக்கும் ஒருவரின் போர்வையை விலக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முதுகு, இடுப்பு, குதிகால் சிவந்திருக்கிறதா? இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா? உதடும் நாக்கும் காய்ந்து வெடித்திருக்கின்றனவா? சிறுநீர் வாடை அடிக்கிறதா? நபி (ஸல்) அவர்களின் இறுதி நேரத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சியை மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். நபியவர்கள் பல் துலக்கினார்கள். (நூல்: புகாரி) கடைசி மணித்துளியிலும் வாயின் சுத்தம் மறக்கப்படவில்லை.

ஐந்தாவது, இபாதத். நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழ இம்ரான் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். (நூல்: புகாரி) கட்டிலைக் கிப்லாவுக்குத் திருப்ப ஒத்துழைப்பார்களா? பெண் நோயாளியைப் பெண்கள் கழுவுவார்களா? கடைசி நேரத்தில் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கலிமாவை நினைவூட்ட விடுவார்களா, அல்லது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்துவார்களா?

ஆறாவது, பணமும் உண்மையும். செலவு எவ்வளவு, எதற்கு என்று எழுதித் தருகிறார்களா? இனிப் பலன் தராத பரிசோதனைகளைத் தொடர்ந்து எழுதுகிறார்களா? "இதற்கு மேல் எங்களால் முடியாது" என்று சொல்லும் நேர்மை இருக்கிறதா? குணமாக்கிவிடுவேன் என்று வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள். வலியைக் குறைக்க முயல்வேன் என்று சொல்பவரை நம்பலாம்.

நம்மவர் என்பது மட்டும் தகுதி அல்ல

வாசலில் ஆயத்து இருந்ததால் நான் ஏமாந்தேன். ஹிஜ்ரத்தின்போது, தலைக்கு விலை வைத்துத் தேடப்பட்ட அந்த இரவுகளில், நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டவர் முஸ்லிம் அல்லர். பாதை தெரிந்தவர், நம்பிக்கைக்குரியவர். தங்கள் ஒட்டகங்களை அவரிடமே ஒப்படைத்தார்கள். (நூல்: புகாரி) நடத்துபவர் எந்தச் சமயத்தவர் என்பதற்கு முன்னால், திறமையும் அமானிதமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்

ஓர் இல்லத்தில் நமக்கு நேர்ந்ததைப் பிறர் கேட்டால், புறம் பேசுவதாகிவிடுமோ என்று சிலர் மௌனமாகிவிடுகிறார்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, அவர்களின் குறையை நபியவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். (நூல்: முஸ்லிம்) ஆலோசனை கேட்பவரிடம் உண்மையைச் சொல்வது கடமை. ஆனால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். நல்லதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேள்விப்பட்டதைப் பரப்பி, இரவு பகலாக உழைக்கும் ஒரு செவிலியரின் பெயரைக் கெடுத்துவிடாதீர்கள்.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

அகழ்ப் போரில் காயமடைந்த சஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு, அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாக, மஸ்ஜிதுந் நபவியிலேயே நபி (ஸல்) அவர்கள் கூடாரம் அமைத்தார்கள். (நூல்: புகாரி) காயமடைந்தவர்களைக் கவனித்து வந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி அவரைப் பராமரித்தார்கள். சஅத் (ரலி) பிழைக்கவில்லை. ஆனால் அவர் தனியாக விடப்படவில்லை. மரணத்தை நெருங்கும் ஒருவரைப் பள்ளிவாசலின் நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்ட சமுதாயம் நாம்.

நம் அண்டை மாநிலத்து மலப்புரத்தைப் பாருங்கள். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள், வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, தம் தெருவில் படுக்கையில் கிடப்பவர்களை மதம் பாராமல் கவனிக்கிறார்கள். பெரும் செல்வந்தர்களை நம்பியல்ல, சிறு சிறு நன்கொடைகளால் அது நடக்கிறது. அந்த அனுபவத்தின் மீதுதான் 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. நம் தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வரும் சேவை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். பதிந்த பிறகு வருகிறார்களா என்று பின்தொடருங்கள்.

நம் ஜமாஅத் மூன்று காரியங்கள் செய்யலாம். மஹல்லாவில் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியலை எடுங்கள். பைத்துல்மாலில் இருந்து காற்றுப் படுக்கை ஒன்றும், சாய்வுக் கட்டில் ஒன்றும் வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். இரவு விழிக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் வாரத்தில் ஒரு இரவாவது ஓய்வு கிடைக்க, ஆண்களும் முறை போட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் "சீ" என்று சொல்லாதே என்ற இறைக்கட்டளை ஆண்களுக்கும்தான்.

அல்லாஹ்வைப் பற்றி நல்லெண்ணத்தோடு மரணிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தினார்கள். (நூல்: முஸ்லிம்) ஒன்பது அளவு வலியில் துடிப்பவருக்கு அந்த நல்லெண்ணம் எவ்வளவு கடினம்! அதை அவருக்கு இலகுவாக்கிக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளின் வலியை இலகுவாக்குவாயாக. அவர்களைக் கழுவுகிற, புரட்டுகிற, விழித்திருக்கிற கைகளுக்கு நற்கூலி தருவாயாக. எங்கள் பெற்றோர் விஷயத்தில் நாங்கள் செய்த குறைகளை மன்னிப்பாயாக. எங்கள் கடைசி வார்த்தையை லா இலாஹ இல்லல்லாஹ் என்று ஆக்குவாயாக. ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.