பார்த்தும் பார்க்காத கண்கள்

ஒரே நேரத்தில் நாலு வேலை பார்ப்பது திறமையா, தம்பி தங்கைகளே? "எனக்கு அதெல்லாம் பழக்கம்" என்று சொல்லாத இளைஞர் நம்மில் குறைவு. இப்போது மெய்நிகர் உலகமும் வந்துவிட்டது. ஹெட்செட்டை மாட்டினால் சுற்றியுள்ள அறையே மறைந்துபோகும். ஆனா கைப்பேசிக்கு வரும் தகவல் மட்டும் அதற்குள்ளேயும் வந்து எட்டிப் பார்க்கும்!

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் இதை மெய்நிகர் சாலையிலேயே சோதித்தார்கள். சிமுலேட்டரில் கார் ஓட்டியவர்கள், கையில் எதையும் பிடிக்காமல் தொலைபேசியில் பேசினார்கள். 2003-இல் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? சாலையோர விளம்பரப் பலகைகள்மீது அவர்களின் கண் பதிந்திருந்தது. ஆனால் பிறகு கேட்டபோது, பேசாமல் ஓட்டியபோது நினைவிருந்த அளவுக்கு அவை நினைவில் இல்லை. முன்னால் போன வண்டிக்கு பிரேக் பிடிப்பதிலும் தாமதம். கை சும்மாதான் இருந்தது. மனம்தான் வேறெங்கோ இருந்தது.

இரண்டு வேலைக்கும் கவனம் தேவை என்றால், மனம் அவற்றுக்கிடையே மாறி மாறித் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் ஏதோ ஒன்று நழுவுகிறது.

"அப்படின்னா நம்ம அட்டாவதானிகள் எட்டு வேலை செஞ்சாங்களே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அவதானம் என்றாலே கவனம்தான். எட்டுப் பேர் குறுக்கிட்டாலும், அவதானி ஒவ்வொன்றாக வாங்கி மனத்தில் நிறுத்துகிறார். அது பல ஆண்டுப் பயிற்சி. நாம் செய்வது சிதறல்.

2008-இல் அதே குழுவினர் இன்னொன்றும் கண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசும் நண்பரால் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. அவரும் அதே சாலையைப் பார்க்கிறார்; நெரிசல் வந்தால் பேச்சும் அதற்கேற்ப மாறுகிறது.

இங்கேதான் அறம் வருகிறது. கவனம் நம் சொந்தச் சொத்து, எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று நினைக்கிறோம். மெய்நிகர் சாலையில் மோதினால் மறுபடி தொடங்கலாம். உண்மைச் சாலையில் நம் கவனக்குறைவுக்கு விலை கொடுப்பது யாரோ ஒருவரின் பிள்ளை. வீட்டில் அம்மா பேசும்போது நாம் திரையைத் தடவினால், அங்கே இழப்பு அம்மாவுக்கு.

நம்மை நம்பி எதிரில் ஒருவர் இருக்கும்போது, நம் கவனத்தில் அவருக்கும் பங்கு உண்டு. வண்டிச் சாவியை எடுக்கும்போது கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். அழைத்தவர் பத்து நிமிடம் காத்திருக்கட்டுமே!