அக்காள் போட்ட கையெழுத்து



அன்புக்கொடி மக்களே, பாடுபட்ட நிலம் யாருக்குச் சொந்தம்? பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்கு என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிடுவார்கள். தர்மத்தில் அப்படிச் சட்டென்று சொல்ல முடியவில்லை.

கூட்டேரிப்பட்டுப் பக்கம் எங்களுக்கு ஏரிப் பாசனக் கழனியும் கொஞ்சம் கொல்லையும் உண்டு. என் அக்காள் அதிலேயே வளர்ந்தவள். விடியுமுன் சாணி அள்ளுவாள். நாற்று நடுவாள், களையெடுப்பாள், மல்லாட்டை பிடுங்கி ஆய்வாள். நகக்கண்ணில் மண் ஏறாத நாளில்லை. ஐந்தாம் வகுப்போடு அவள் நின்றாள். நான் பள்ளிக்கூடம் போனேன். 1986-ல் அவளுக்குக் கலியாணம்.

1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்கு முன் கலியாணமானவர்களுக்கு இல்லை. அந்தத் தடை 2005-ல் மத்திய அரசின் திருத்தத்தால்தான் நீங்கியது. அதற்குள் அப்பா காலமாகி, 1999-ல் அக்காள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. "தம்பி நல்லா இருந்தா போதும்" என்றாள். நகை போட்டுத்தானே கட்டிக்கொடுத்தோம் என்று நானும் சமாதானமானேன். நகை அப்பா போட்டது, நான் போட்டதல்ல.

சட்டம் என்னைக் கேட்காது. ஆனால் தாங்கலில் தலைப்பாகை கட்டிக் கண்ணாடி முன் நிற்கும்போது, எதிரே தெரிகிற முகத்தை நெடுநேரம் பார்க்க முடிவதில்லை. விரும்பித்தானே கொடுத்தாள்? மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு இடம் இருந்ததா? தாய்வீட்டு வாசல் அடைபடுமோ என்று பயந்து கொடுத்தது தானமாகுமா?

போன பட்டத்தில் ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை உடைத்து வாயில் போட்டவள், "எந்தக் கொல்லைடா தம்பி, கெணத்து மேட்டுதா?" என்று கேட்டாள்.