வினையும் குழந்தையும்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டாரின் வழிவந்த சைவ சித்தாந்தம், வினையைச் சஞ்சிதம் எனும் பழைய இருப்பு, பிராரத்தம் எனும் இப்பிறவி நுகர்வு, ஆகாமியம் எனும் புதிதாக ஈட்டும் வினை என மூன்றாக வகுக்கிறது. பேசவோ நடக்கவோ தாமதிக்கும் குழந்தையைக் கண்டு ‘முன்வினை’ என்போர் பிராரத்தத்தை மட்டும் பற்றிக்கொண்டு, சுற்றியிருப்போரின் ஆகாமியத்தை, அதாவது அக்குழந்தைக்கு அவர்கள் இன்று செய்வதையும் செய்யத் தவறுவதையும், மறந்துவிடுகின்றனர்; பழி பெரும்பாலும் தாயின்மீதே விழுவது தனிக்கொடுமை.

இன்று செய்யக்கூடியதற்கு வழியும் உண்டு: 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம், குழந்தைகளின் பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிந்து மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வகைசெய்கிறது. ஆயினும், திண்டிவனத்து அங்கன்வாடியில் எழும் ஐயம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவரையும், அவர் குறிப்பு பேச்சுப் பயிற்சியாளரையும் தானே சென்றடையாவிடில், இணைக்கும் சுமை பெற்றோர் தலையில் ஏறும். அதையும் ஊழ் என்று சொல்லச் சித்தாந்தத்தில் இடமில்லை.