நட்டம் யாருடையது? – சுயாதீனத் திரைக்கலைஞரின் அறம் பற்றிய ஒரு நோக்கு

திரைப்படத் துறையிலே 'சுயாதீனத் தயாரிப்பாளர்' என்னுந் தொடர் மிக்க மதிப்போடு வழங்கி வருகின்றது. அரசையோ பெருநிறுவனங்களையோ சாராது, தம் பொறுப்பில் முதல் தேடிப் படம் எடுப்பவரை அது குறிக்கும். அவ்வாறு படம் எடுப்பவர் உண்மையிலேயே சுயாதீனமுடையவர்தாமா? ஆமெனின், அச்சுயாதீனத்தை அளந்தறியும் கோல் யாது? இவ்வினாவை மலையகத் திரைப்பட முயற்சிகளை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிற கலைகளினின்றும் திரைப்படம் வேறுபடும் இடத்தை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். கவிஞனுக்குத் தாளும் எழுதுகோலும் போதும். மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களின் துயரைக் கவிதையாக்குதற்கு எவரிடமும் முதல் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் ஆடப்படும் காமன் கூத்தும் அத்தகையதே. அதனை ஆடுவோரும் பார்ப்போரும் அதற்குப் பணஞ் சேர்ப்போரும் ஒரே லயத்தவர். திரைப்படத்தின் நிலை வேறு. படச்சுருள், படப்பிடிப்புக் கருவி, கலையகம், விநியோகம், திரையரங்கு என்ற ஒவ்வொரு படியிலும் பணம் வேண்டப்பட்டது. பணம் தருபவன் தன் பணத்துக்குரிய பயனை எதிர்பார்ப்பான். ஆகவே, எவருடைய பணமுமின்றிப் படம் எடுப்பவரே சுயாதீனமுடையவர் என நாம் வரையறை செய்வோமாயின், அவ்வரையறைக்குட் பொருந்துவார் எவரும் இலர் என்றே முடிவு செய்ய நேரும்.

தேயிலையும் திரைப்படமும் முதலிற் சந்தித்த இடத்துக்குச் செல்வோம். 1934ஆம் ஆண்டு ஆங்கிலேயரான பசில் ரைட் இலங்கைக்கு வந்து 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். ஜோன் கிரியர்சன் அதன் தயாரிப்பாளர். இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் நிதியே அதற்கு ஆதாரம். பயணக் குறும்படங்கள் நான்கு என்பதே சபை வேண்டியது. ரைட் அவற்றை நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படமாக ஆக்கினார். 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த பகுதிகளை லயனல் வென்ட் என்ற நம் நாட்டுக் கலைஞர் படித்தார். விளம்பரத்துக்கென வழங்கப்பட்ட பணத்திலிருந்து, உலக ஆவணப்பட வரலாற்றில் நிலைத்த இடம் பெற்ற ஒரு படைப்பு உருவாயிற்று.

வடிவத்தைப் பொறுத்தமட்டில் ரைட் பெற்ற சுதந்திரம் பெரிது. சபை கேட்டதொன்று, அவர் கொடுத்தது பிறிதொன்று. ஆயினும், வணிகத்தின் குரல்களைக் காட்டும் மூன்றாம் பகுதியில் சந்தை விலைகள் பேசுகின்றனவேயன்றிக் கொழுந்து பறிப்பவள் பேசவில்லை. அவளுடைய பெயரோ கதையோ கூலியோ அப்படத்தில் இடம்பெறவில்லை. அப்படம் அவளை நோக்கி எடுக்கப்பட்டதும் அன்று. ரைட் 1937இல் சொந்தமாக ஒரு படப்பிரிவை நிறுவினார். அங்கும் எரிவாயுத் தொழிலார் போன்ற புரவலரின் நிதி தேவைப்பட்டது. புரவலரை மாற்றிக்கொள்ளலாமேயன்றிப் புரவலரே இல்லாதிருத்தல் எளிதன்று என்பதை இது காட்டுகின்றது.

இரண்டாவது சான்று நம் நாட்டுக்குரியது. அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் பணியாற்றிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், வில்லியம் பிளேக், டைட்டஸ் தொட்டவத்த ஆகிய மூவரும் அப்பணியினின்றும் நீங்கி, 1956இல் 'ரேகாவ' என்ற சிங்களப் படத்தை வெளியிட்டனர். கலையகத்துக்குள் அடைபட்டிருந்த படப்பிடிப்பு அப்படத்தோடு கிராமத்து வெளிக்கு வந்தது. 1957இல் கான் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது. எனினும், வசூலில் அது வெற்றி பெறவில்லை. அந்நட்டத்தை அதனை எடுத்தோரும் அவர்களை நம்பி நிதி அளித்தோருமே சுமந்தனர். படத்திற் காட்டப்பட்ட கிராமத்தவன் எதனையும் இழக்கவில்லை. அவனுடைய முகம் திரிக்கப்படாமலே திரைக்கு வந்தது.

இவ்விரண்டையும் ஒப்புநோக்குமிடத்து நாம் தேடிய அளவுகோல் ஓரளவு தெளிவாகின்றது. பணம் எங்கிருந்து வந்தது என்பது முதல் வினாவே. அதனினும் ஆழமான வினா நட்டம் எவர்மீது விழுந்தது என்பதாகும். ஒவ்வொரு படத்திலும் இரு வகை நட்டங்களுக்கு இடமுண்டு. ஒன்று பணநட்டம், மற்றையது உண்மை நட்டம். படம் பொய் சொல்லி வசூலை ஈட்டுமாயின் எடுத்தவர் தப்பிவிடுவார். உண்மை நட்டமோ அப்படத்திற் காட்டப்பட்டோர் தலையிற் சுமத்தப்படும். மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது என்ற கான்டின் அறநெறி இவ்விடத்துப் பொருந்துவதாகும். பிறர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு அதன் நட்டத்தை அப்பிறரிடமே விட்டுச் செல்லும் கலைஞர், எவரிடமும் கைநீட்டாதவராயினும் சுயாதீனமுடையவர் ஆகார். தம் படைப்பின் நட்டம் தம்முடையதே என்று ஏற்பவரே அப்பெயருக்கு உரியவர்.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு மலையகத்துக்குத் திரும்புவோம். தோட்ட வாழ்வைத் தமிழ்த் திரைக்குக் கொணரும் முயற்சி 1963இல் வெளியான 'தோட்டக்காரி'யோடு தொடங்கியது. அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1975இல், 'புதிய காற்று' வெளிவந்தது. அதனைத் தயாரித்து அதன் நாயகனாகவும் நடித்தவர் மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுள் ஒருவரான வி. பி. கணேசன். எஸ். இராமநாதன் இயக்கினார். மலையக எழுத்தாளருள் முதல்வரிசையினரான தெளிவத்தை ஜோசப் அதன் எழுத்துப் பணியிற் பங்குகொண்டார். தொடர்ந்து 1978இல் 'நான் உங்கள் தோழன்', 1981இல் 'நாடு போற்ற வாழ்க' ஆகிய படங்களையும் கணேசன் தயாரித்தளித்தார்.

இம்முயற்சி எக்காலத்தில் நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரின் எதிர்காலத்தைக் கணக்கிட்டது. அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு எனவும் 3,00,000 பேர் இலங்கைக்கு எனவும் எழுதப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பட்டினிச் சாவுகளை விளைத்தது. நிலச்சீர்திருத்தத்தின் இரண்டாங் கட்டமாக 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஒரு சமூகம் கப்பலேறிக்கொண்டிருந்த வேளையில், அச்சமூகத்தைப் பார்வையாளராகக் கருதி ஒருவர் படம் எடுத்தார். வணிகர் எவரும் விரும்பி முதலிடத்தக்க சந்தையன்று அது.

வெளிச்சூழலும் இங்கு கருதத்தக்கதே. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்கு மாறின. உள்நாட்டுத் தமிழ்ப் படங்களுக்கு அதனால் ஓரளவு வழி பிறந்தது உண்மையே. ஆயினும், சம்பளத்தை அடுத்த ஞாயிறுகளிலே தோட்டங்களிலிருந்து அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இறங்கி வந்த தொழிலாளர் தமிழ்நாட்டுப் படங்களிற் பழகிய கண்ணினர். அப்பழக்கத்தோடு போட்டியிடுவது சிறு முதலுடைய எவருக்கும் எளிய காரியமன்று. அப்போட்டியில் நேரக்கூடிய பணநட்டத்துக்குக் கணேசன் தம்மையே பொறுப்பாக்கிக்கொண்டார். நம் அளவுகோலின் முதற்பாதியில் அவர் ஐயத்துக்கிடமின்றித் தேறுகின்றார்.

மறுபாதியையும் நேர்மையோடு நோக்குதல் நம் கடன். ஒரு தொழிற்சங்கத் தலைவரே படத்தைத் தயாரித்து அதன் நாயகனாகவும் தோன்றும்போது, அது மக்களின் கதையா, தலைவரின் புகழுரையா என்ற வினாவை எவரும் எழுப்பலாம். நாயகனைச் சுற்றியே இயங்கும் தென்னிந்தியத் திரைமரபில், கூட்டாகப் போராடும் மக்கள் நாயகன் பின்னே நிற்கும் கூட்டமாகச் சுருங்கிவிடும் ஆபத்து என்றும் உண்டு. தொழிற்சங்கத்தின் உயிர் பலரின் ஒற்றுமையிலே தங்கியிருப்பது. அம்மரபின் நாயகப் படமோ ஒருவரின் ஆற்றலிலே தங்கியிருப்பது. இவ்விரண்டும் ஒரே சட்டகத்துக்குள் அமைதியாக வாழ்தல் அரிது. பாட்டும் சண்டையும் இன்றிப் பார்வையாளர் வரமாட்டார் என்ற அச்சத்தால் வாழ்வின் ஒரு பகுதி விடுபட்டுப் போகுமாயின், அவ்விடுபாட்டின் நட்டம் லயத்து மக்களையே சாரும்.

இவ்வாதத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அதற்கும் ஒரு மறுமொழி உண்டு. மலையகத்தில் தலைவரே கலைஞராகவும் விளங்குதல் புதிதன்று. கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையாரும் பாட்டையே பிரசாரக் கருவியாக்கித் தொழிலாளரை அணிதிரட்டினர். வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்களிடம் பேசுதற்குக் கலையையன்றி வேறு மேடை குறைவு. அன்றியும், ரைட்டின் படம் கொழுந்து பறிப்பவளைப் பற்றி வேறு எவருக்கோ பேசிற்று. கணேசனின் படமோ அவளிடமே பேச முற்பட்டது. அவள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்து, 'இது எங்கள் வாழ்வன்று' என மறுத்தெழும் உரிமையுடையவளானாள். கலைத்திறத்தில் முன்னையது உயர்ந்ததெனலாம். காட்டப்பட்டவரே நீதிபதியாக அமர்தற்கு இடங்கொடுத்ததோ பின்னையதே. பார்வையாளரின் விருப்பத்துக்கு இணங்குவது வேறு, அவர்தம் தீர்ப்புக்கு உட்படுவது வேறு. இவற்றுள் இரண்டாவதைச் செய்பவர் முதலாவதில் ஓரளவு தவறினும், அவருடைய முயற்சி அறத்தின் பாற்பட்டதேயாகும்.

நட்டம் என்று பேசுமிடத்து மற்றொன்றையும் கூறாதிருத்தல் இயலாது. கே. குணரத்தினம் என்ற தமிழர் இந்நாட்டுத் திரைத்தொழிலை வளர்த்தோருள் ஒருவர். பீரிஸின் 'சந்தேசய' என்ற 1960ஆம் ஆண்டுப் படத்துக்கும் முதலிட்டவர். ஹெந்தளையிலிருந்த அவருடைய விஜயா கலையகம் 1983 ஜூலை வன்செயலில் எரியூட்டப்பட்டது. படச்சுருள்கள் பல அதனோடு அழிந்தன. கலைஞர் விரும்பி ஏற்கும் நட்டம் வேறு, வெறுப்பினால் அவர்மீது சுமத்தப்படும் நட்டம் வேறு. முன்னையது அவருடைய அறத்தைக் காட்டும். பின்னையது அவரைக் காக்கத் தவறிய சமூகத்தின் அறத்தை வினவும்.

தோட்டத்திலே ஒரு நாட் கூலிக்குப் 'பேர்' என்பது வழக்கு. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' பதியப்படும். மழை பெய்தது, கொழுந்து அருகிற்று, மலை வழுக்கிற்று என்பன கணக்கிற் சேரமாட்டா. இயற்கையால் நேர்ந்த நட்டமும் நிருவாகத்தால் நேர்ந்த நட்டமும் கூடை சுமந்தவளின் பேரிலேயே கழிக்கப்படும். நட்டத்தை வலிமையற்றவர்மீது தள்ளிவிடும் ஒழுங்குக்கு இதனினும் தெளிவான உருவகம் கிடைத்தல் அரிது. தம் படைப்பிற் காட்டப்படும் மக்களுக்கு அரைப்பேர் போடாதவரே சுயாதீனமுடைய கலைஞர் என நாம் கூறின், அது தோட்டத்து மொழியிலேயே விளங்கக்கூடிய ஒரு வரைவிலக்கணமாகும்.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. கைப்பேசியாற் படம் எடுத்தல் கூடும், படச்சுருள் வேண்டியதில்லை. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200ஆவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அவர்தம் லயங்களைப் படம் பிடிக்க வருவோர் தொகையும் பெருகியுள்ளது. முதலின் தடை தளர்ந்துவிட்டதால் சுயாதீனம் தானே வந்துவிட்டதென எண்ணுதல் தவறு. விழாக்களில் இரக்கத்தைத் திரட்டுதற்காக ஒரு தாயின் ஒழுகும் கூரையைப் படமாக்கி, அப்படத்தை அவளுக்குக் காட்டாமலே பரிசு பெறுபவர், எவரிடமும் பணம் பெறாதவராயினும், அவள் கணக்கில் அரைப்பேர் எழுதியவரே ஆவார்.

இவ்வினா திரைக்கலைஞரோடு முடிவதன்று. பல்கலைக்கழகத்தினராகிய நாமும் தோட்டங்களுக்குச் செல்கின்றோம், வினாக்கொத்தை நீட்டுகின்றோம், மக்களின் சொற்களைத் திரட்டி ஆய்வேடு எழுதுகின்றோம். பட்டம் நம்மைச் சேர்கின்றது. நம் ஆய்விற் பிழை நேரின் அதன் நட்டம் யாரைச் சேர்கின்றது? எழுதியதை அவர்கள் முன் படித்துக் காட்டி, 'இது எங்கள் வாழ்வன்று' என அவர்கள் கூறின் திருத்திக்கொள்ளும் துணிவு நம்முள் எத்தனை பேருக்கு உண்டு? 1975இல் ஒருவர் தம் முதலை முன்வைத்து, தாம் காட்டிய மக்களின் முன்பே அமர்ந்து தீர்ப்புக் கேட்டார். படத்தின் கலைமதிப்பைப் பற்றி நாம் வேறுபடலாம். அவ்வாறு தீர்ப்புக் கேட்ட நேர்மையை நாம் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.