பழகிப்போன உடம்பா?

“எங்கள் உடம்பு இதற்குப் பழகிவிட்டது, நோய் அண்டாது” என்கிறார், சாக்கடை அள்ளும் தோழர். “கொஞ்சம் குடித்தால் கிருமி சாகும்” என்கிறார் மற்றொருவர். அறியாமை என்று நகைத்துவிட்டு நகர்ந்துவிடலாமா, நண்பர்களே?

கிருமி பழக்கம் பார்ப்பதில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு கீறல் வழியே புகுந்து எலிக்காய்ச்சலைத் தருகிறது. குப்பையில் கிடக்கும் ஊசி குத்தினால், ஹெபடைட்டிஸ்-பி கிருமி குருதியில் கலக்கக்கூடும். அதைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு, கையுறை உண்டு. மது நாற்றத்தை மறக்கடிக்கும், கிருமியை மாய்க்காது.

ஆனால், அந்த நம்பிக்கையை ஊட்டியது யார்? “இதற்கென்றே பிறந்தவர்கள்” என்று சொல்லி வைத்த சாதியல்லவா! பிறப்பு தொழிலைத் தரும் என்று நம்பிய சமுதாயம், அப்பிறப்பே காப்பையும் தரும் என்று நம்பிக்கொண்டது. கையுறைக்கான காசும் மிச்சமாயிற்று! கிழிந்த கையுறையைத் தந்து அனுப்பினால், “பழகிவிட்டது” என்பதைவிட அவருக்கு வேறென்ன ஆறுதல்?

காப்புக் கருவியின்றிக் கழிவுநீர்க் குழியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சட்டம் வந்தது, சாவு நிற்கவில்லை. ஏட்டில் மாறியது எண்ணத்தில் மாறவில்லை!

பகுத்தறிவு பரப்பப் புறப்படும் இளைஞனே! வெறுங்கையோடு உழைப்பவரிடம் வெறும் அறிவுரையோடு செல்லாதே. அவருக்குரிய கருவியை, தடுப்பூசியை, கழுவ நீரைக் கேட்டுப் பெறத் துணை நில். அவர் நம்பிக்கையைத் திருத்துமுன் நம் தெருவின் நம்பிக்கையைத் திருத்து: அவர் உடம்பும் நம் உடம்பே போன்றது!